ஃபுளோரன்ஸில் அரை நாள்: மறுமலர்ச்சிக் கட்டடக்கலைக்கு எந்தச் சதுக்கம்?

பயணப்பை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. அடுத்த மாதம் அம்மாவையும் பத்தாவது படிக்கும் மகளையும் கூட்டிக்கொண்டு இத்தாலி போகிறேன். ஃபுளோரன்ஸில் உஃபிஸி அருங்காட்சியகத்துக்கும் கதீட்ரலுக்கும் முதல் நாள் சரியாகப் போய்விடும். மறுநாள் பிற்பகல் ரோமுக்கு ரயில். அதற்குள் அரை நாள் கையில் இருக்கிறது.

மகளுக்குக் கட்டடக்கலை படிக்க ஆசை. மறுமலர்ச்சிக் காலக் கட்டடக்கலை என்று புத்தகத்தில் படிப்பதை அவள் நேரில் நின்று பார்த்துப் புரிந்துகொள்ள ஒரு சதுக்கம் வேண்டும். விசாரித்தவர்கள் எல்லாரும் சிஞ்ஞோரியா சதுக்கம் என்றே சொல்கிறார்கள். ஒரே ஒருவர் மட்டும் சாந்திஸிமா அனுன்சியாத்தா என்றார். எதற்குப் போகலாம்? அம்மாவுக்கு முழங்கால் வலி, அதிகம் நடக்கவிட முடியாது.

மியூனிக்_தமிழச்சி

யோசிக்கவே வேண்டாம், சிஞ்ஞோரியாதான். ஃபுளோரன்ஸின் வரலாறு முழுக்க அந்த ஒரு இடத்தில் நடந்திருக்கிறது. 1498-ல் சவொனரோலா என்ற துறவியைத் தூக்கிலிட்டு எரித்த இடத்தில் தரையில் ஒரு வட்டக் கல் பதித்திருக்கிறார்கள். மைக்கலாஞ்சலோவின் தாவீது 1504-ல் முதலில் நின்றது அங்கேதான். இப்போது இருப்பது நகல், ஆனாலும் இடம் அதே இடம். செல்லினியின் வெண்கலப் பெர்சியஸ் சிலை அங்குள்ள திறந்த மண்டபத்தின் நிழலில் நிற்கிறது, டிக்கெட் இல்லாமலே பார்க்கலாம். உஃபிஸியும் பக்கத்துச் சுவர். அம்மாவுக்கு நடையும் மிச்சம்.

ஆர்னோக்கரை

தோழி சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. சிஞ்ஞோரியாவைப் பார்க்காமல் யாரும் ஊரை விட்டுப் போகக் கூடாது. ஆனால் பயணப்பை கேட்டது வேறு. மறுமலர்ச்சிக் கட்டடக்கலை மகளுக்குப் புரிய வேண்டும் என்கிறார். அதற்கு சிஞ்ஞோரியா உதவாது. அங்கே கண்ணில் படும் பெரிய கட்டடங்கள் இரண்டுமே மறுமலர்ச்சிக்கு முந்தியவை. பலாட்சோ வெக்கியோ என்ற நகர ஆட்சி மாளிகையை 1299-ல் தொடங்கினார்கள். பார்த்தாலே கோட்டை என்று தெரியும். மூன்று பெரிய வளைவுகள் கொண்ட மண்டபம் 1376-க்கும் 1382-க்கும் இடையில் கட்டியது. வளைவுகள் அரைவட்டம்தான், ஆனால் கட்டிய கைகள் கோதிக் காலத்துக் கைகள். சிலைகளுக்கு அந்தச் சதுக்கம் ஈடு இணையில்லாதது. கட்டடங்களுக்கு அனுன்சியாத்தா.

கதீட்ரலின் பின்பக்கத்திலிருந்து வியா தெய் செர்வி என்ற தெரு நேராக அனுன்சியாத்தாவுக்குப் போகிறது. மெல்ல நடந்தாலும் பத்து நிமிடம் ஆகாது, தரையும் சமதளம். தெரு முடிந்து சதுக்கம் திறக்கும்போது எதிரே தேவாலயம், வலப்பக்கம் இன்னொசெந்தி என்ற பழைய குழந்தைகள் இல்லம், இடப்பக்கம் செர்வி மடத்தாரின் கட்டடம். மூன்று பக்கமும் வளைவு வரிசை. நடுவில் ஒரு குதிரை வீரன் சிலை, அதன் பின்னே இருபக்கமும் இரண்டு வெண்கல நீரூற்றுகள்.

வலப்பக்க மண்டபம் புருனலெஸ்கி என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தது. 1419-ல் பட்டு வணிகர் சங்கம் அந்தப் பணியைத் தந்தது. அடுத்த ஆண்டே, 1420-ல், கதீட்ரலின் பெரிய குவிமாட வேலையும் அவர் பொறுப்பில் தொடங்கியது. மண்டபத்தருகே நின்று வந்த தெருவைத் திரும்பிப் பாருங்கள், தெருமுனையில் அந்தக் குவிமாடம் நிற்கும். ஒரே மனிதர் ஒரே காலத்தில் செய்த இரண்டு வேலைகளை ஒரே இடத்தில் நின்று பார்த்துவிடலாம்.

கல்லும்சுண்ணாம்பும்

கட்டடப் பொறியாளன் என்ற முறையில் ஆர்னோக்கரை பக்கம் என் ஓட்டு. பாப்பாவுக்கு ஒரு வேலை கொடுங்கள். இன்னொசெந்தி மண்டபத்தில் ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்கு அடி வைத்து எண்ணச் சொல்லுங்கள். அப்புறம் தூணிலிருந்து பின்சுவர் வரைக்கும் எண்ணச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றாக வரும். தூணின் உயரமும் கிட்டத்தட்ட அதே அளவுதான். பழைய ஃபுளோரன்ஸ் முழக்கணக்கில் பத்து முழம், நம் கணக்கில் சுமார் 5.8 மீட்டர். ஆக, ஒவ்வொரு வளைவுக்குப் பின்னாலும் ஒரு கனசதுரம் நிற்கிறது. அப்படி ஒன்பது கனசதுரங்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றின் மேலும் ஆழம் குறைந்த ஒரு சிறு குவிமாடத்தைக் கவிழ்த்திருக்கிறார். வளைவு சரியான அரைவட்டம் என்பதால் அதன் உயரம் தூண் இடைவெளியில் பாதி. ஓர் அளவைப் பிடித்துக்கொண்டால் மற்ற அளவுகளெல்லாம் தாமாக வந்துவிடும்.

மறுமலர்ச்சிக் கட்டடக்கலையின் அடிப்படை இதுதான். கோதிக் கட்டடம் உயரத்தால் நம்மை அண்ணாந்து பார்க்க வைக்கும். இங்கே அண்ணாந்து பார்க்க எதுவும் இல்லை. சுவர் வெள்ளை, தூணும் வளைவு விளிம்பும் சாம்பல் நிறம். பியேத்ரா செரேனா என்ற மணற்கல், ஃபியேசொலே பக்கத்துக் குன்றுகளில் வெட்டியது. எங்கே கனம் இறங்குகிறது, எங்கே சுவர் வெறுமனே நிரப்புகிறது என்று கோடு போட்டுக் காட்டுவது போல அந்தச் சாம்பல் நிறம் ஓடும்.

இன்னொன்று. நிமிர்ந்து பார்த்தால் வளைவுகளுக்குக் குறுக்கே இரும்புக் கம்பிகள் தெரியும். பலர் பின்னாளில் யாரோ முட்டுக்கொடுத்தது என்று நினைப்பார்கள். வளைவும் குவிமாடமும் கனத்தை நேராகக் கீழே மட்டும் இறக்குவதில்லை, பக்கவாட்டிலும் தள்ளும். அந்தத் தள்ளுதலை இவ்வளவு ஒல்லியான தூண் தனியாகத் தாங்காது. கனத்த தூண் வைத்தால் மண்டபத்தின் லேசான தோற்றம் போய்விடும். அதனால் இரும்பை வைத்து இழுத்துப் பிடித்திருக்கிறார்கள். அதை ஒளித்து வைக்கவும் இல்லை. எனக்கு அந்தக் கம்பிகள் மேல் தனி மரியாதை.

மியூனிக்_தமிழச்சி

விளக்கம் அருமை, ஆனால் என் சந்தேகம் தீரவில்லை. நான் அங்கே போயிருக்கிறேன். மூன்று பக்கமும் ஒரே மாதிரி வளைவு, ஒரே மாதிரி தூண். ஒன்றைப் பார்த்தால் மூன்றையும் பார்த்த மாதிரிதான். புருனலெஸ்கி ஒன்றைக் கட்டினார், மற்றவர்கள் அதை நகலெடுத்தார்கள். அதில் என்ன பெருமை?

ஆர்னோக்கரை

தோழி, அந்தச் சதுக்கத்தின் மேல் எனக்கு இவ்வளவு பிரியம் வரக் காரணமே நீங்கள் சொன்ன அந்த நகல்தான். கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புருனலெஸ்கி தன் மண்டபத்தை வடிவமைத்தபோது எதிர்ப்பக்கம் இப்போதிருக்கும் கட்டடம் இல்லை. தேவாலயத்துக்கும் இப்போதுள்ள முகமண்டபம் இல்லை. கிட்டத்தட்ட நூறு ஆண்டுகள் கழித்து, 1516-ல், எதிர்ப்பக்கத்தில் கட்டும் பொறுப்பு மூத்த அந்தோனியோ த சங்காலோவிடமும் பாச்சோ த'அஞ்ஞோலோவிடமும் வந்தது. இருவரும் பெயர் பெற்றவர்கள். அதற்குள் கட்டடக்கலை எவ்வளவோ மாறிவிட்டது. ரோமில் பிரமாந்தே என்ற கட்டடக் கலைஞர் கனத்த, கம்பீரமான பாணியைக் கொண்டுவந்துவிட்டார். சங்காலோ நினைத்திருந்தால் எதிரே இருந்த பழைய மண்டபம் சின்னதாகத் தெரியும்படி ஒன்றைக் கட்டியிருக்கலாம். அவர் செய்தது என்ன? அதே ஒன்பது வளைவு, அதே ஒல்லித் தூண், அதே படிக்கட்டு. நூறு வருடம் முந்தியவர் எடுத்த சுருதியிலேயே சேர்ந்து பாடினார்.

அது மட்டும் நடந்திராவிட்டால் இன்னொசெந்தி ஓர் அழகான கட்டடமாக மட்டும் நின்றிருக்கும், அந்த இடம் சதுக்கமாகியிருக்காது. எதிரெதிரே இரண்டு மண்டபங்கள் பார்த்துக்கொண்டு நின்ற பிறகுதான் நடுவில் இருந்த வெற்றிடத்துக்கு ஓர் உருவம் வந்தது. பிறகு 1600 வாக்கில் தேவாலயத்தின் முன்னால் காச்சினி என்பவர் மூன்றாவது மண்டபத்தைக் கட்டினார். அவரும் அதே வழியில் போனார். அதன் நடு வளைவு மட்டும் பழையது, 15-ஆம் நூற்றாண்டு.

ஆக, ஒரு சதுக்கம் முடிய 180 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. மேலிருந்து கட்டளையிட்ட ஒற்றை வரைபடம் இல்லாமல், பின்னால் வந்தவர்கள் முன்னால் வந்தவரைப் பார்த்துப் பார்த்துச் செய்தது. புருனலெஸ்கிக்குக் கொடுக்கும் மாலையில் பாதியைச் சங்காலோவுக்கும் போட வேண்டும் என்பேன். தன் கையெழுத்தை அடக்கிக்கொள்ளத் திறமை மட்டும் போதாது, பெரிய மனசும் வேண்டும்.

கல்லும்சுண்ணாம்பும்

முழுக்க ஒப்புக்கொள்கிறேன். ஒரு சின்னச் சேர்க்கை: புருனலெஸ்கியும் எல்லாவற்றையும் புதிதாகக் கண்டுபிடித்தவர் இல்லை. ரோமாபுரி இடிபாடுகளை அளந்து படித்தார் என்று சொல்வார்கள். ஆனால் அரைவட்ட வளைவு, ஒல்லித் தூண், வெள்ளைப் பரப்பில் இருண்ட கோடு, இதெல்லாம் அவர் வீட்டுப் பக்கத்திலேயே இருந்தன. ஃபுளோரன்ஸின் ஞானஸ்நானக் கோயிலையும் குன்றின் மேலுள்ள சான் மினியாத்தோ தேவாலயத்தையும் பாருங்கள், 11-12-ஆம் நூற்றாண்டு வேலை. அந்த ஞானஸ்நானக் கோயிலைப் பழைய ரோமானியக் கட்டடம் என்றே அவர் காலத்து மக்கள் நம்பினார்கள்.

அதை வைத்து ஒரு கதையும் உண்டு. புருனலெஸ்கி குவிமாட வேலையில் மூழ்கியதும் இன்னொசெந்தி வேலை பிரான்செஸ்கோ தெல்லா லூனா கைக்குப் போனது. அவர் மண்டபத்தின் கோடியில், வளைவுகளுக்கு மேலே படுக்கையாக ஓடும் கல்பட்டையை மூலையில் கீழ்நோக்கி மடக்கி இறக்கிவிட்டார். தூண் தாங்கும் விட்டம் எப்படித் தரையை நோக்கி வளையும்? புருனலெஸ்கி கேட்டபோது, ஞானஸ்நானக் கோயிலில் இருப்பதைப் பார்த்துத்தான் செய்தேன் என்றாராம். அந்தக் கட்டடத்தில் இருப்பது ஒரே ஒரு பிழை, அதைத் தேடிப் பிடித்து எடுத்து வந்திருக்கிறாயே என்று இவர் கடிந்துகொண்டதாகப் பழைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. மண்டபத்தின் கோடிக்குப் போய் மூலையைப் பாருங்கள், கல்பட்டை மடங்கி இறங்குவது இன்றும் தெரியும்.

மியூனிக்_தமிழச்சி

ஆர்னோக்கரை, சங்காலோ விஷயம் எனக்குத் தெரியாது. அந்த மண்டபங்களுக்கு இடையில் நூறு வருடம் இருக்கிறது என்று தெரிந்து பார்த்திருந்தால் வேறு மாதிரி பார்த்திருப்பேன். நான் எல்லாம் ஒரே காலத்தில் எழுந்தவை என்றே நினைத்திருந்தேன். சிலைகளுக்கு சிஞ்ஞோரியா என்பதில் மட்டும் நான் மாறமாட்டேன்.

ஓவியப்பித்தன்

தூணையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், குழந்தைகளை மறந்துவிட்டீர்களே. இன்னொசெந்தி வளைவுகளுக்கு இடையில் நீல வட்டங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் துணியில் சுற்றிய ஒரு கைக்குழந்தை, கைகளை இருபக்கமும் விரித்து நிற்கும். 1487 வாக்கில் ஆந்த்ரேயா தெல்லா ரோப்பியா செய்தவை பத்து. இரு கோடிகளிலும் இருப்பவை 19-ஆம் நூற்றாண்டில் சேர்த்தவை.

சுடுமண்ணில் செய்து மேலே வெள்ளை, நீல மெருகு ஏற்றிச் சுட்ட வேலை அது. அந்த மெருகின் செய்முறையைச் சொத்து போலக் காத்துவந்த குடும்பம் அது. வெயில், மழை எல்லாம் பட்டும் ஐந்து நூற்றாண்டுகளாக அந்த நீலம் அப்படியே நிற்கிறது. அவசரப்படாமல் ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒன்று போல் இன்னொன்று இல்லை. ஒரு குழந்தை தலையைச் சாய்த்திருக்கும், இன்னொன்று கீழே யாரையோ பார்க்கும். சிலவற்றில் துணிக்கட்டு இறுக்கமாக இருக்கும், சிலவற்றில் அவிழ்ந்து காலடியில் தொங்கும். அந்த அவிழும் துணியின் மடிப்பை மட்டும் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்பேன்.

இத்தனை நேர்த்தியான கணக்கில் கட்டிய கட்டடத்தில் கணக்குக்கு அடங்காத ஒரே விஷயம் அந்தக் குழந்தைகள். புருனலெஸ்கி அந்த வட்டங்களை வெறுமையாக விட்டுப் போனார், அறுபது வருடம் கழித்து இன்னொருவர் வந்து நிரப்பினார். ஆர்னோக்கரை சொன்ன அதே கதைதான் இங்கேயும்.

தேவாலயத்துக்குள் நுழையும் முன் ஒரு சிறு முற்றம் வரும். அதைத் தாண்டி ஓடிவிடாதீர்கள். ஆந்த்ரேயா தெல் சார்த்தோ, பொந்தோர்மோ, ரோஸ்ஸோ ஃபியொரென்தினோ என மூன்று பேருடைய சுவரோவியங்களும் அந்த ஒரே முற்றத்தில் இருக்கின்றன. 1510-களில் வரைந்தவை. பொந்தோர்மோவுக்கும் ரோஸ்ஸோவுக்கும் அப்போது இருபதை ஒட்டிய வயது. ஆந்த்ரேயாவின் அமைதியான ஓவியத்தைப் பார்த்துவிட்டு உடனே ரோஸ்ஸோவின் பக்கம் திரும்பினால், ஒரு தலைமுறை கையை விட்டு நழுவுவது சுவரிலேயே தெரியும்.

பயணப்பை

இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. மகள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்துவிட்டாள். ஆதரவற்ற குழந்தைகளுக்கு இவ்வளவு அழகாக ஏன் கட்டினார்கள் என்று கேட்கிறாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. உங்களில் யாருக்காவது தெரியுமா?

குழந்தைநலம்

நான் குழந்தைகள் பிரிவில் செவிலியாக இருக்கிறேன். அந்தச் சதுக்கத்துக்கு நான் போனது கட்டடத்துக்காக இல்லை, அந்த இல்லத்துக்காக. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அமைப்பின் சின்னத்தில் இருக்கும் துணி சுற்றிய குழந்தை ஓவியப்பித்தன் சொன்ன அதே நீல வட்டத்துக் குழந்தை.

பாப்பா கேட்டது சரியான கேள்வி. ஐரோப்பாவில் கைவிடப்பட்ட குழந்தைகளுக்காக மட்டுமே தொடங்கிய மிகப் பழைய இல்லங்களில் அது ஒன்று. பிராத்தோ ஊர் வணிகர் பிரான்செஸ்கோ தாத்தினி 1410-ல் இறந்தபோது இப்படி ஓர் இல்லம் தொடங்க 1,000 ஃபுளோரின் பொற்காசுகள் எழுதி வைத்துவிட்டுப் போனார். பட்டு வணிகர் சங்கம் கட்டும் பொறுப்பை ஏற்றது. பொற்கொல்லர்களும் அந்தச் சங்கத்தில்தான் இருந்தார்கள். புருனலெஸ்கி முதலில் பொற்கொல்லர், அதனால் அவரும் அதன் உறுப்பினர். ஊருக்கே தெரியும்படி, பெரிய தேவாலயத்துக்குப் பக்கத்தில் கட்டினார்கள். சங்கத்துக்கு அதில் பெருமை இருந்தது உண்மை. ஆனால் அந்தப் பெருமையை அரண்மனையில் காட்டாமல் குழந்தைகள் இல்லத்தில் காட்டினார்களே, அதை நான் பெரிதாக நினைக்கிறேன்.

1445 பிப்ரவரி 5-ஆம் தேதி முதல் குழந்தை வந்தது. புனித ஆகத்தாவின் திருநாளில் வந்த பெண் குழந்தை என்பதால் ஆகத்தா ஸ்மெரால்தா என்று பெயர் வைத்தார்கள். மண்டபத்தைப் பார்த்து நின்றால் இடது கோடியில் ஒரு சிறு ஜன்னல் இருக்கிறது. இரவில் குழந்தையைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகும் இடம். கம்பிகளின் இடைவெளி பச்சிளம் குழந்தை மட்டுமே நுழையும் அளவு. 1875-ல் அதை மூடிவிட்டார்கள். பக்கத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது.

உள்ளே 2016-ல் புதுப்பித்துத் திறந்த அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே சின்னச் சின்ன இழுப்பறைகள். குழந்தையோடு தாய் விட்டுப்போன அடையாளப் பொருள்கள் ஒவ்வொன்றிலும் இருக்கும். பாதியாக உடைத்த பதக்கம், ஜெபமாலையின் துண்டு, ஒரு பொத்தான், கிழித்த துணி. மறுபாதி தாயிடம் இருக்கும். என்றைக்காவது வந்து கேட்டால் இரண்டையும் சேர்த்துப் பார்த்துக் குழந்தையைக் கொடுக்கலாம் என்ற எண்ணம். அந்த அறையில் நான் வாய்விட்டு அழுதேன். அம்மாவையும் மகளையும் அங்கே கட்டாயம் கூட்டிப்போங்கள்.

இன்னொசெந்தி, தெலியின்னொசெந்தி, நொசென்தினி என்று இத்தாலியில் குடும்பப்பெயர்கள் கேட்டிருப்பீர்கள். அந்த இல்லத்துப் பெயரிலிருந்து வந்தவை. குழந்தைகளுக்கான வேலை அங்கே இன்றும் நிற்கவில்லை. யுனிசெஃபின் ஆய்வு மையமும் 1988 முதல் அங்கே இயங்கிவந்தது.

ஓவியப்பித்தன்

அதே அருங்காட்சியகத்தில் மேல்தளத்தில் கிர்லாந்தாயோ 1488-ல் முடித்த ஞானியர் வணக்க ஓவியம் இருக்கிறது. குழந்தை இயேசுவின் முன் அரசர்கள் மண்டியிடுகிறார்கள், பொன்னும் பட்டும் மின்னுகின்றன. முன்வரிசையில் வெள்ளை உடுத்திய இரண்டு சிறு குழந்தைகளும் மண்டியிட்டிருப்பார்கள். இயேசுவைத் தேடிய ஏரோது மன்னன் கொன்ற மாசற்ற குழந்தைகள் அவர்கள். கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் தலையிலும் கையிலும் வெட்டுக்காயம் தெரியும். இன்னொசெந்தி என்றால் மாசற்றவர்கள், அந்த இல்லத்துக்குப் பெயர் தந்தவர்களும் அவர்களே. எவ்வளவோ ஞானியர் வணக்க ஓவியங்கள் உண்டு. அந்தக் கட்டடத்துக்கென்றே வரைந்தது இது, அதன் குழந்தைகள் முன்னால் தினமும் இருந்தது.

தென்றல்_பயணி

தாமதமாக வருகிறேன். ஒரே மூச்சில் கட்டிய மறுமலர்ச்சிச் சதுக்கம் வேண்டுமானால் பியென்சாவை யாரும் சொல்லவில்லையே? இரண்டாம் பயஸ் போப் தான் பிறந்த கிராமத்தை நகரமாக்க நினைத்து, 1459-ல் பெர்னார்தோ ரொஸ்ஸெல்லீனோவைக் கொண்டு வேலையைத் தொடங்கினார். மூன்றே ஆண்டுகளில் கதீட்ரல், அரண்மனை, சதுக்கம் எல்லாம் எழுந்துவிட்டன. 1996 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம்.

கல்லும்சுண்ணாம்பும்

பியென்சா எனக்கும் பிடித்த இடம். சதுக்கம் சரிவகமாக, கதீட்ரல் பக்கம் அகன்று இருக்கும். அதனால் சின்ன இடம் பெரிதாகத் தோன்றும். ஆனால் ஃபுளோரன்ஸிலிருந்து அரை நாளில் போய்வர முடியாது, ரயிலைத் தவறவிட்டுவிடுவார்கள். பாப்பா உண்மையிலேயே கட்டடக்கலை படிக்கப் போனால், ஒருவர் ஒரே மூச்சில் கட்டியதற்கும் பலர் இரு நூற்றாண்டுகளில் சேர்ந்து கட்டியதற்கும் உள்ள வித்தியாசத்தை இந்த இரண்டையும் வைத்துப் புரிந்துகொள்ளலாம். அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளட்டும்.

ஆர்னோக்கரை

பயணப்பை, நடைமுறை விஷயங்கள் சொல்கிறேன். காலையில் முதலில் தேவாலயத்துக்குப் போய்விடுங்கள், மதியம் மூடிவிடுவார்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். உள்ளே நுழைந்ததும் இடப்பக்கம் மிக்கெலோட்சோ வடிவமைத்த சிறு சந்நிதி இருக்கிறது, விளக்குகளும் மலர்களுமாக. மரியாவுக்கு வானதூதர் செய்தி சொல்லும் பழைய ஓவியம் அதில். வரைந்தவர் மரியாவின் முகத்தை முடிக்க முடியாமல் தூங்கிப்போக, ஒரு தேவதூதர் வந்து முடித்துவைத்தார் என்பது ஊர் நம்பிக்கை. மணப்பெண்கள் இன்றும் கல்யாணப் பூச்செண்டை அங்கே கொண்டுவந்து வைக்கிறார்கள்.

அப்புறம் இன்னொசெந்தி. மண்டபத்துக்கு ஏறப் படிகள் உண்டு, அம்மாவை மெதுவாக ஏறச் சொல்லுங்கள். அருங்காட்சியகத்துக்குள் லிஃப்ட் இருக்கிறது. மேலே பழைய உலர்த்தும் மாடத்தில் ஒரு காபிக்கடை நடத்துகிறார்கள். அங்கே உட்கார்ந்தால் கதீட்ரல் குவிமாடம் தெரியும்.

கடைசியாக, சதுக்கத்தின் நடுவில் குதிரை மேல் இருக்கும், இந்த ஊரை ஆண்ட முதலாம் பெர்தினாந்தோ மெடிச்சியைக் கவனியுங்கள். ஜாம்போலோஞ்யா தொடங்கி, அவர் மாணவர் பியெத்ரோ தாக்கா 1608-ல் முடித்த சிலை. குதிரையின் வயிற்றுப் பட்டையில் எழுத்து இருக்கிறது. கொடிய துருக்கியரிடமிருந்து பறித்த உலோகம் என்று பொருள் வரும். கடற்போரில் பிடித்த பீரங்கிகளை உருக்கி வார்த்தது. பீடத்தின் பின்பக்கம் ராணித் தேனீயைச் சுற்றி வட்டம் வட்டமாகத் தேனீக்கள் இருக்கும் வெண்கலத் தகடு. விரலால் சுட்டாமல் கண்ணாலேயே எண்ணி முடித்தால் நல்லது நடக்கும் என்று ஊரில் சொல்வார்கள். மகளை எண்ண விடுங்கள், வட்டங்களில் கண் வழுக்கிக்கொண்டே போகும்.

இரண்டு நீரூற்றுகளும் தாக்கா செய்தவை. லிவோர்னோ துறைமுகத்துக்காகச் செய்து, 1641-ல் இங்கே வந்து சேர்ந்தவை. அதனால்தான் கடல் தெரியாத ஊரில் செதிலும் துடுப்புமாகக் கடல் விலங்குகள் நீர் உமிழ்கின்றன.

உங்கள் பயணம் செப்டம்பர் 7-ஐ ஒட்டி இருந்தால் சொல்லுங்கள். அன்று இரவு பிள்ளைகள் காகித விளக்குகளைக் கோலில் ஏந்தி இந்தச் சதுக்கத்துக்கு ஊர்வலமாக வருவார்கள். மறுநாள் மரியாவின் பிறந்தநாள். அதற்காக முந்தின இரவே மலைக்கிராமத்து மக்கள் விளக்கோடு நடந்து வந்ததன் தொடர்ச்சி அது. தேதி பொருந்தினால் எந்தத் தெருவில் நின்றால் அம்மாவுக்கு நெரிசல் இருக்காது என்று எழுதுகிறேன்.

பயணப்பை

ரயில் 9-ஆம் தேதி, ஆர்னோக்கரை. 7-ஆம் தேதி மாலைதான் ஊருக்குள் வருகிறோம். தெருவின் பெயரை எழுதுங்கள், விடுதியை அதற்குத் தக்கபடி மாற்றிப் பதிவு செய்கிறேன்.